உப்பு போடாத குழம்பு

காலையில் என் வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்கு முன்னால் அவருடைய கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. விரலை எடுத்ததும் தோல் மேலே வந்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள். குழி அப்படியே நின்றால் அது நிரம்பும் வரை மனசுக்குள் எண்ணுவேன். பத்துக்குள் நிரம்பினால் பரவாயில்லை என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். அப்படி எந்த டாக்டரும் சொன்னதில்லை. சில நாள் அவர் முழித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டிருப்பார். "இன்னா, இன்னைக்கு பாஸா பெயிலா?" என்பார். நான் எழுந்து அடுப்படிக்குப் போவேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்னும் கொஞ்சம் படித்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காதோ என்று தோன்றும். ரெண்டு தடவை அடித்து அவர் போனை எடுக்காவிட்டால் ஆட்டோ எங்கேயோ கவிழ்ந்து கிடக்கிறது என்றுதான் நினைப்பேன். அவர் எதற்கும் பயப்படாத ஆள். பிரஷர் இருக்கிறது என்று சொல்லிப் பத்து வருஷம் ஆகியும், தலை வலிக்கிற நாளில் மட்டும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மற்ற நாளெல்லாம் ஆட்டோவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் செருப்பு வார் அவர் காலில் கயிறு கட்டிய மாதிரி பதிந்திருந்தது. முகமும் உப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார்.

"ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிடுச்சும்மா. போனது திரும்ப வராது. இருக்கறத காப்பாத்திக்கிட்டா டயாலிசிஸை ரொம்ப நாளைக்குத் தள்ளிப்போடலாம். அதுக்கு பிரஷர் எறங்கணும். மாத்திரை நான் தரேன். உப்பு உங்க கையிலதான் இருக்கு."

இதைச் சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வராந்தாவின் கடைசியில்தான் டயாலிசிஸ் அறை. வெளியே வரும்போது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டேன். என் அண்ணன் வயசில் ஒருவர் படுத்திருந்தார். அவருடைய ரத்தம் ஒரு குழாயில் வெளியே வந்து இன்னொரு குழாயில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரை அந்தக் கட்டிலில் படுக்க விடக்கூடாது என்று அங்கேயே நின்று முடிவு பண்ணினேன். டாக்டரம்மாவே சொல்லிவிட்டார், என் கையில்தான் இருக்கிறது என்று.

என்னென்ன சாப்பிடக்கூடாது என்று அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். அதை அவர் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகப் படித்தார். சீஸ், சாஸ், டின்னில் அடைத்த சூப், பதப்படுத்திய இறைச்சி.

"இதெல்லாம் நான் என்னைக்குத் துன்னேன்? பாத்தியா, எனக்கு ஒண்ணியும் ஆவாது."

களி, கருவாட்டுக் குழம்பு, மோர் மிளகாய், பழைய சோறு, பஸ் ஸ்டாண்டு போண்டா எதைப் பற்றியும் அந்தத் தாளில் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை கிராம் உப்பு என்று ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டில் கல்லுப்புதான், கையால் அள்ளிப் போடுவதுதான். கிராமை நான் எங்கே போய்ப் பார்ப்பது? தாள் கொடுத்த நர்ஸிடமே திரும்பிப் போய்க் கேட்டேன். பின்னால் பெரிய வரிசை நின்றிருந்தது. பாவம், அவரும் என்ன செய்வார். "உப்பை நிறுத்திட்டு புளிப்பு காரம் கூட சேத்துக்குங்கக்கா. புளி, எலுமிச்சம்பழம். நாக்கு ஏமாந்துடும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்றைக்கே ஊறுகாய் ஜாடியையும் கருவாட்டு டப்பாவையும் எடுத்து அண்ணன் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். சோற்றுக்கு உப்பு இல்லை. களிக்கு உப்பு இல்லை. முதல் வாரம் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சுண்ணாம்பைக் கரைச்சு வச்சாப்பல இருக்குது" என்றார். எலுமிச்சம்பழம் அவருக்கு ஆகாது, பல் கூசும். அதனால் புளியைக் கூட்டினேன். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் அண்ணன் நிலத்தில் ரெண்டு புளிய மரம் இருக்கிறது, எங்களுக்குப் புளி விலைக்கு வாங்கும் சாமான் இல்லை. நெல்லிக்காய் அளவு போட்ட இடத்தில் எலுமிச்சை அளவு போட்டேன். கெட்டியாகக் கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு, நன்றாகச் சுண்டவிட்டேன்.

குழம்பு தேறிவிட்டது. அவர் ரெண்டாம் தடவை சோறு கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்கிற எங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். அவனும் அதையே சாப்பிட்டுவிட்டு, "உப்பே போடலையாம்மா? நம்பவே முடியல" என்றான். எனக்கு ஒரே பெருமை. எல்லார் வீட்டிலும் உப்பில்லாத சாப்பாட்டுக்குச் சண்டை நடக்கும்போது என் கைப்பக்குவம் மட்டும் நின்றது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவுக்குக்கூட யோசனை சொன்னேன். "புளியை ரெண்டு மடங்கா போடுங்க. உப்பு ஞாபகமே வராது." அந்த அம்மா போளூர்ப் பக்கம் என்று சொன்ன ஞாபகம். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

ரெண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்தபோது கிரியேட்டினின், கிட்னி கெடக் கெட ஏறுகிற அந்தக் கணக்கு, கூடியிருந்தது. பிரஷர் இறங்கவில்லை. டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். அடுத்த தடவையும் கூடியிருந்தது. இந்தத் தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உப்பைக் குறைச்சீங்களா இல்லியா?"

"குறைக்கல மேடம், நிறுத்தியே பூட்டேன்."

"அப்ப வெளிய சாப்பிடறாரு."

"நான் எங்கயும் சாப்பிடலைங்க" என்றார் அவர்.

"எல்லாரும் இதைத்தாங்க சொல்றீங்க" என்று டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

நானும் அவரை நம்பவில்லை. நம்ப எனக்கு வழி தெரியவில்லை. வீட்டில் சமைப்பவள் நான், அதில் உப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். பின்னே எங்கிருந்து வருகிறது? சாயங்காலம் வந்ததும் சட்டையை வாங்கி மோந்து பார்ப்பேன். கை கழுவும் முன்னே விரலைப் பார்ப்பேன், எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா என்று. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. அவரு இங்க வடை, போண்டா துன்றாரா?"

"டீ மட்டும்தாம்மா. அதுவும் அரை கிளாசு. உன் வீட்டுக்காரரால எனக்கு ஒரு வடை யாவாரம் போச்சு. நீ வேற ஏன் வெறுப்பேத்தற?"

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். நான் அங்கே போனது அவருக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் அவரே ரெண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

பௌர்ணமிக்கு கிரிவலப் பாதை ஓரம் பூராவும் அன்னதானம் போடுவார்கள். ஆட்டோக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் சவாரி. மறுநாள் ஆட்டோவைத் துடைக்கப் போனபோது பின் சீட்டுக்கு அடியில் ஒரு தொன்னை கிடந்தது. வழித்துச் சாப்பிட்ட புளியோதரை. விளிம்பில் ரெண்டு வேர்க்கடலை ஒட்டியிருந்தது. அதை அப்படியே எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"சவாரி வந்தவங்க போட்டுட்டுப் போயிருப்பாங்க."

"ஓகோ."

"இன்னா ஓகோ? எனக்கு குடுத்தாங்க, நான் கையெடுத்துக் கும்பிட்டு வேணாம்னுட்டேன். சாமி சோத்தை வேணாம்னு சொன்ன பாவம் வேற எனக்கு."

அன்றைக்கு நான் செய்ததை இப்போது எழுதவும் கூசுகிறது. மகனுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணனையும் வரவழைத்தேன். அவர்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்க, சாமி படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்து, அதை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் நிலத் தகராறு, திருட்டு என்று வந்தால்தான் இப்படிச் செய்வார்கள். கற்பூரத்தை அணைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்று பயம்.

அண்ணன் மட்டும், "வாணாம்மா, மாப்பிள்ளைய இப்படி நிக்க வைக்காத" என்றார்.

"ஒரு தொன்னைக்கு சத்தியமாடி?" என்றார் அவர்.

மகன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் துன்னலைன்னா பண்ணுங்களேன்ப்பா. அதுக்கு ஏன் யோசிக்கிறீங்க" என்றான்.

அதற்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை. நேராக வந்து உள்ளங்கையை நெருப்பின் மேல் வைத்து அழுத்தினார். "நான் வெளியே எதையும் வாயில வைக்கல" என்றார். கையை உடனே எடுக்கவும் இல்லை. நான்தான் இழுத்தேன். உள்ளங்கை நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அன்றைக்குப் பகலில் சாப்பிடாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் இன்னும் கூடியிருந்தது.

எனக்கு அப்போது வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டார், இனி கிட்னி மட்டும் இல்லை, மகனுக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தேன். வெறும் காலோடு மலையைச் சுற்றிவிட்டு வந்து, கொப்புளத்தோடு அடுப்பில் நின்று, அதே குழம்பை வைத்தேன். மகனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவதும் நின்றது. அவர் ஒரு நாள் சாப்பிடும்போது, "உன் புள்ள எப்ப வர்றான்?" என்று கேட்டார். நீங்கள் திருந்தினால் வருவான் என்று சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தது. கிட்னிக்காரர்களுக்குச் சாப்பாடு சொல்லிக்கொடுக்கிற வேலை. செங்கம் பக்கத்துப் பெண், எங்களைப் போலவே பேசியது. தாள் எதுவும் கொடுக்கவில்லை. "அடுத்த புதன்கிழமை சமையல் பண்றவங்க மட்டும் வாங்க. வர்றப்ப உங்க அடுப்பாண்ட இருக்கற எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் ஒரு பையில போட்டு எடுத்தாங்க. பொடி, எண்ணெய், புளி, வடகம், எதையும் விடாதீங்க" என்று சொன்னது.

பத்துப் பேர் வந்திருந்தோம். மேஜை மேல் அவரவர் பொட்டலத்தைப் பிரித்து வைத்ததும் சந்தை மாதிரி ஆகிவிட்டது. ஒரு அம்மா நெத்திலிக் கருவாட்டை ரெண்டு கவரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இதைக் கொண்டாரச் சொல்லலையே அக்கா."

"எல்லாத்தையும்னு சொன்னியே. அவரு இது இல்லாம களியத் தொட மாட்டாரு. ஒண்ணே ஒண்ணு வச்சா இன்னா?"

"அந்த ஒண்ணு எத்தினி குட்டி போடும்னு எனக்குத் தெரியாதா?" என்றது அந்தப் பெண். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர் இந்துப்பு வைத்திருந்தார், அது மருந்து என்று. "அதுவும் உப்புதாங்க, கலர்தான் வேற" என்று எடுத்துத் தனியாக வைத்தது. அப்பளம், சோடா மாவு, மோர் மிளகாய் எல்லாம் அந்தப் பக்கம் போயின.

என் முறை வந்தபோது நான் தெம்பாகவே இருந்தேன். என் பையில் உப்புப் பொட்டலமே இல்லை. "எங்கூட்ல அஞ்சு மாசமா உப்பு கிடையாதும்மா. அவருதான் வெளிய துன்றாரு" என்றேன், எல்லார் முன்னாலும். அந்தப் பெண் மிளகாய்த்தூளை முகர்ந்து பார்த்தது. பிறகு புளியை எடுத்துக் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தது. என்னைப் பார்த்தது.

"இது கடைப் புளியா, வீட்டுப் புளியா?"

"எங்க அண்ணன் மரத்துது."

"உப்பு போட்டு அடிச்சு வச்சதா?"

பங்குனி, சித்திரையில் புளி வந்ததும் கொட்டை எடுத்து, காயவைத்து, கல்லுப்பைத் தூவித் தூவி இடித்துப் பானையில் அடைக்கிறது நான்தான். வருஷா வருஷம் நான்தான். அப்படிச் செய்யாவிட்டால் பூச்சி வைக்கும், கறுத்துப்போகும். அந்த உப்பு எனக்கு உப்பாகவே தோன்றியதில்லை. அது புளியின் ஒரு பாகம்.

"எவ்வளவு போடுவீங்க?"

"கையாலதான். அள்ளி அள்ளி."

அந்தப் பெண் ஒரு டம்ளரில் புளியைக் கரைத்து ஒரு கரண்டி என் கையில் ஊற்றியது. வெறும் புளித்தண்ணி. மிளகாய் இல்லை, பூண்டு இல்லை. புளிப்புக்கு முன்னால் உப்புதான் நாக்கில் பட்டது.

"எங்க வீட்லயும் இப்படித்தாங்க அடைப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னது. "உங்ககிட்ட யாரும் கேக்கல, அதான். புளியே அவருக்கு ஜாஸ்தி ஆகாது. இனிமே காலையில ஒரு சின்ன மூடியில நான் காட்டற அளவு உப்பு எடுத்து வைங்க. அன்னைக்கு முழுக்க அவருக்கு அதுதான். கொதிக்கறப்ப போடாதீங்க, உள்ள போயி மறைஞ்சுக்கும். தட்டுல மேல தூவுங்க, நாக்குக்குத் தெரியும். மிளகு, சீரகம், கொத்தமல்லி போட்டுக்கலாம்." இன்னும் நிறையச் சொன்னது. என் காதில் விழவில்லை. கருவாடு கொண்டுவந்த அம்மா என் முதுகில் கை வைத்தார்.

அவர் வெளியே ஆட்டோவில் காத்திருந்தார். வண்டி வேங்கிக்கால் வரும் வரைக்கும் பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே அவரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். புளியில் இருந்த உப்பைச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. முன்னால் கண்ணாடியில் அவருடைய கண் மட்டும் தெரிந்தது.

"அப்ப நான் திருடன் இல்ல" என்றார்.

"இல்லீங்க."

"கொஞ்ச நாளா எனக்கே சந்தேகம். தூக்கத்துல எழுந்து போயி துன்றனோன்னு." பிறகு, "உன் புள்ளைக்கு போன் போடு" என்றார்.

அங்கேயே போட்டேன். மகன் முழுசாகக் கேட்டான். கம்பெனி மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. "அப்பாகிட்ட குடும்மா" என்றான். போனை முன்னால் நீட்டினேன்.

"வண்டி ஓட்டிகினு இருக்கேன்னு சொல்லு" என்றார் அவர். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. மகனுக்கும் அது தெரியும்.

அந்தப் பெண் சொன்ன மாதிரியே செய்தேன். இருபது நாளில் கால் வீக்கம் வடிந்தது. பிரஷர் இறங்கியது. டாக்டரம்மா முதல் தடவையாக அவரைப் பார்த்து, "நல்லாப் பண்றீங்க" என்றார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். இருபது நாளில் இறங்குகிறதை ஐந்து மாதம் நான் இறங்க விடாமல் வைத்திருந்தேன். கிரியேட்டினின் இறங்கவில்லை. அது கொஞ்ச நாள் நின்ற இடத்தில் நின்றுவிட்டு மறுபடியும் ஏறியது. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாயை இணைக்கிற ஆபரேஷன் பண்ணினார்கள். அன்றைக்கு மகன் லீவு போட்டு வந்து அப்பாவின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரெண்டு பேரும் கிரிக்கெட் பேசினார்கள்.

இப்போது வாரத்துக்கு ரெண்டு நாள், அந்த வராந்தாக் கடைசி அறை. ஆட்டோவை விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

அந்த ஐந்து மாதம் இல்லாவிட்டால் இவர் இந்தக் கட்டிலுக்கு வந்திருப்பாரா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. பத்து வருஷப் பிரஷர் அது" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. சாப்பாடு சொல்லிக்கொடுத்த பெண்ணைக் கேட்டேன். மருந்துக் கடையில் கேட்டேன். வேற ஊர் டாக்டர் ஒருவரிடம் அண்ணனை விட்டுக் கேட்கச் சொன்னேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

போன வாரம் மிஷின் பார்க்கிற நர்ஸிடமும் ஆரம்பித்தேன். "ஏம்மா, ஒரு விஷயம் கேக்கணும். அஞ்சு மாசம் உப்பு..."

"இங்க வா" என்று கட்டிலிலிருந்து அவர் கூப்பிட்டார். கையில் ஊசி இருந்ததால் தலையை மட்டும் திருப்பினார். போனேன்.

"எத்தினி பேர்கிட்ட கேப்ப?"

நான் அவர் போர்வையை இழுத்து விட்டேன்.

"யாரோ ஒருத்தர் ஆமான்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவ?"

அதை நான் யோசித்ததில்லை. எல்லாக் கெட்டதையும் யோசிக்கிறவள், இதை யோசிக்கவில்லை.

"கேக்காத" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

மிஷின் முடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் வந்து என்னமோ கேட்கணும்னு சொன்னீங்களே என்று கேட்டது. ஒண்ணும் இல்லம்மா என்றேன்.